மங்கோலியாவுக்கு அனுப்பிய ஆட்டம்

கால்பந்துத் தரவரிசையில் கடைசிப் பக்கத்தில் இருக்கும் எந்த நாட்டைச் சொன்னாலும், அங்கே ஜெயபால் அண்ணன் நான்கு மாதம் ஆடியிருப்பார். மாலத்தீவில் ஆடினார், பூட்டானில் ஆடினார், கம்போடியாவில் பெஞ்சில் உட்கார்ந்து ஆடினார். முன்கள வீரர். வயது முப்பத்து நான்கு; கிளப்புகளுக்கு இருபத்தொன்பது.

இப்போது மங்கோலியாவில் ஒரு கிளப் கேட்டிருந்தது. நறுக்கி ஒட்டிய கோல்கள் வேண்டாம். முழு ஆட்டம் ஒன்று, வெட்டாமல், ஞாயிற்றுக்கிழமைக்குள். இந்த வாய்ப்பும் போனால் கரோல் பாக்கில் மாமனாரின் சூட்கேஸ் கடை. மாமனார் கல்லா பக்கத்தில் நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார்.

அண்ணன் கிட்வாய் நகர் தமிழர் மன்றச் செயலாளரிடம் போனார். ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி, பெயர் பாலசுப்ரமணியம்.

"மயூர் விஹார் பசங்களோட ஒரு மேட்ச் ஏற்பாடு பண்ணுங்க சார். முழுசா வீடியோ எடுக்கணும்."

"ஃபங்ஷன்தானே, எங்கிட்ட விட்டுடு."

"ஃபங்ஷன் இல்ல சார், மேட்ச்."

"அச்சா அச்சா, அதான் சொல்றேன்."

ஞாயிறு காலை மைதானத்தின் நடுவட்டத்தில் சோபா போட்டிருந்தது. அண்ணனை அதில் உட்கார வைத்து, பக்கத்தில் அவர் மனைவி அபிராமியையும் உட்கார வைத்தார்கள். சந்தன மாலை, பொன்னாடை, சுவர்க் கடிகாரம். பாலசுப்ரமணியம் சார் அலுவலகத்துப் பிரிவு உபசார விழாக்களில் முப்பது வருடம் பேசிய அதே உரையைப் பேசினார்.

"நேரம் தவறாதவர். அபிராமியோட ஒத்துழைப்பு இல்லாம இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது."

இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பழக்கம்தான்.

பிறகு, நேரம் மிச்சமிருந்ததால், ஆட்டமும் நடந்தது. அண்ணன் இரண்டு கோல் போட்டார். இரண்டாவது நிஜமாகவே நல்ல கோல். மயூர் விஹார்க்காரர்களே கை தட்டினார்கள்.

கல்யாண வீடியோ எடுக்கும் இஸ்மாயில் பாய்தான் கேமரா. மாலைக்குள் நாதஸ்வரம் சேர்த்து, கிளப்புக்கு அவரே அனுப்பிவிட்டார். அதற்கப்புறம்தான் அண்ணன் அதைப் பார்த்தார். முதல் கோல் விழும்போது திரையில் சிறப்பு விருந்தினர் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கோலின்போது போண்டா பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

"கோல் எங்க பாய்?"

"கோலத்தான் எல்லாரும் நேர்லயே பாத்துட்டாங்களே. சீஃப் கெஸ்ட் சிரிச்ச மூஞ்சி திரும்பக் கிடைக்குமா?"

திங்கட்கிழமை மங்கோலியாவிலிருந்து பதில் வந்தது. மிக மரியாதையான பதில். விளையாட்டிலிருந்து ஓய்வுபெறும் ஜெயபாலுக்கு வாழ்த்துகள், விழா எங்கள் மனதைத் தொட்டது, மனைவியோடு நலமாக வாழுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அண்ணன் அதை எடுத்துக்கொண்டு பாலசுப்ரமணியம் சார் வீட்டுக்கு ஓடினார். சார் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"எவ்வளவு பண்பான மனுஷங்க. மன்றத்து போர்டுல ஒட்டிடலாம்."

"சார், நான் ரிட்டயர் ஆகல. இன்னொரு மேட்ச் மட்டும் வெச்சுக் குடுங்க. சோபா வேணாம். வீடியோ நானே எடுத்துக்கறேன்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"எப்படிப்பா? ஒரு ஆளுக்கு ஒரு தடவைதானே பண்ண முடியும்."

செவ்வாய்க்கிழமை அண்ணன் கரோல் பாக் போனார். நாற்காலிக்கு நேர் எதிரே, சுவரில், மாமனார் விழாவில் கொடுத்த அந்தக் கடிகாரத்தை மாட்டியிருந்தார். அன்றைய முதல் வாடிக்கையாளர் வெளிநாடு போகிறவர். எடை குறைந்த பெட்டியாக ஒன்று கேட்டார்.