வாத்துப் படத்துக்கு முன்னால்

நாற்காலியில் ஏறி நின்று, சுவரிலிருந்து படத்தைக் கழற்றுவதுபோல் மகள் நடித்துக்கொண்டிருந்தாள்.

"வரமாட்டேங்குதுப்பா. ஆணி துரு புடிச்சிருக்கு."

"நல்லா இழும்மா," என்றார் கட்டிலில் கிடந்த அப்பா. மூச்சு வாங்கியது, அதற்காக அபிப்பிராயத்தை நிறுத்திவிட முடியுமா? "அன்னம்னு நெனச்சு வரைஞ்சிருக்கான், வாத்து வந்திருக்கு. சூரியன் முதுகுக்குப் பின்னாடி, வெளிச்சம் மூஞ்சில..." மிச்சத்தை இருமல் முடித்துவைத்தது.

ஆணிக்கு ஒன்றுமில்லை. ஒரு விரலால் தூக்கினால் படம் கையோடு வந்துவிடும். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே அவர் அறிவித்திருந்தார்: "இந்தக் கண்றாவியப் பாத்துக்கிட்டு நான் சாகமாட்டேன்." ஆயுள் முழுக்க ஓவிய விமர்சனம் எழுதியவர், சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. சாயங்காலம் தாண்டாது என்று டாக்டர் சொன்ன சாயங்காலம் போய் ஒரு வாரமாகிறது. மகள் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவள். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும், சாய்ந்திருக்கிறதே என்று படத்தை நிமிர்த்தப்போன நர்ஸிடம் "தொடாதீங்க!" என்று கத்தியிருக்கிறாள். படம் இருக்கும்வரை அப்பா இருப்பார்.

பதிலுக்கு மாட்ட வேறு படம் வேண்டாமா என்று சாக்குச் சொல்லி, வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினாள். ரெம்பிராண்ட் வரைந்த, இருட்டுக்குள் ஒரு முகம்: "ஏற்கெனவே இருட்டிக்கிட்டு வருது, இதுல இவன் வேறயா?" மொனேயின் கலங்கலான அல்லிக் குளம்: "கண்ணாடியக் கழட்டினா எனக்கு ஊரே இப்படித்தான்." இருவரையும் பற்றிப் பேச மேடையேறினால் இறங்காதவர் இவர்தான். அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்து, வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு யாரோ போட்ட கோட்டுப்படம். ஒருத்தி குடையை மடக்குகிறாள். 'படம் போடுறவன் வேற, ஓவியன் வேற' என்று அவர் ஒதுக்கிவைத்த கூட்டம். கட்டாயம் தள்ளிவிடுவார் என்றுதான் எடுத்து வந்தாள். அவரோ வெகுநேரம் பார்த்தார்.

"ஒரே கோடும்மா. குடையும் அதுதான், மணிக்கட்டும் அதுதான். இவனப் பத்தி ஒரு வரி எழுதல பாரு நான். இத மாட்டு."



"சட்டம் போட்டுக் கொண்டாரேன்பா" என்று பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினாள். சட்டம் போடும் கடைப் பக்கமே போகவில்லை. கேன்டீனில் ஒரு டீயை ஆறவிட்டு, குடிக்காமல் எழுந்து வந்தாள்.

அறை வாசலில் நர்ஸ் நின்றிருந்தாள். "திட்டாதீங்கம்மா. ஐயா ரொம்பக் கெஞ்சினாரு. தொட்டேன், வந்துடுச்சு."

சுவரில் படம் இருந்த இடம் மட்டும் அழுக்குப்படாமல், வெளுத்த சதுரமாகத் தெரிந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருதும்மா இது?"

"புதுசா... ஒருத்தர்ப்பா."

"அடக்கமானவன்," என்றார். "கையெழுத்துகூடப் போடல."

அதற்குமேல் அபிப்பிராயம் வரவில்லை.

டாக்டர் வந்து நாடி பார்த்து, மணியைக் குறித்துக்கொண்டு போனார். நர்ஸும் போன பிறகு, மகள் நாற்காலியில் ஏறி வாத்துகளைத் திரும்ப மாட்டினாள். சாய்ந்திருந்தது. இறங்கிப் பார்த்து, ஏறி நிமிர்த்தி, மறுபடியும் இறங்கினாள். படத்தைப் பார்த்தபடியே நின்றாள். காது மட்டும் கட்டில் பக்கம் இருந்தது.