சர்க்கரை இல்லாத வீடு

அந்தப் புட்டிங் கடையைக் கண்டுபிடித்தது தம்பிதான், மாமா அல்ல. இப்போதும் அவன் முதலில் நினைத்துக்கொள்வது அதைத்தான்.

தம்பி என்றால் அக்காவுக்குத் தம்பி. மாமா என்றால் அந்த அக்காவின் புருஷன். பிழைக்கப் போன ஊரில் இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள். கீழே டயர் கடை, மேலே இவர்கள். ஜன்னலைத் திறந்தால் பஸ் டெப்போவின் இரைச்சல், மூடினால் ரப்பர் நாற்றம். தம்பிக்கு ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் வேலை. மாமாவுக்குக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. முதுகு வலியைப் பற்றியோ குளிரைப் பற்றியோ மாமா மூச்சு விட்டதில்லை. "இந்த ஊர்ல வாய்க்கு வெளங்கற மாதிரி ஒரு இனிப்பு இல்லையேடா மாப்ளே" என்பது ஒன்றுதான் அவருடைய தீராத வழக்கு.

"இனிப்புன்னா இவர் உயிரையே விடுவார்" என்று கல்யாணமான புதிதில் அக்கா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய்க்கு வந்த பேச்சு. அதையெல்லாம் யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்?

அக்கா முதன்முதலில் அவருக்குச் செய்து கொடுத்தது கேரமல் புட்டிங். அடுப்பில் சர்க்கரையை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியோடு வாயடித்துக்கொண்டிருந்ததில் பாகு கருகிவிட்டது. பயந்துகொண்டே பரிமாறினாள். மனிதர் தட்டை வழித்து நக்கிவிட்டு, "இனிமே இப்படியே கருக்கு" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் புட்டிங் என்றால் கருகின புட்டிங்தான். மாமாவின் இலக்கணம் இது: சர்க்கரை கசப்பின் வாசற்படி வரைக்கும் போக வேண்டும், உள்ளே காலை வைக்காமல் திரும்பிவிட வேண்டும்.

அந்தக் கசப்பைத் தேடித்தான் விடுமுறை தோறும் இருவரும் தெருத் தெருவாகச் சுற்றினார்கள். ஒரு கடையில் புட்டிங் சோப்பு மாதிரி வழுக்கியது. இன்னொன்றில் ஸ்பூன் இறங்கவே மாட்டேன் என்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு ஜோடித்திருந்த ஒரு கேக்கைத் தின்றுவிட்டு, "இதைத் தலகாணிக்குள்ள அடைக்கலாம்" என்றார் மாமா. ஊருக்குப் பணம் அனுப்புகிற மனிதர்கள் இப்படிச் சுற்றலாமா என்று தம்பிக்கு உள்ளுக்குள் குறுகுறுப்பு. ஆனால் நாளெல்லாம் நீராவியில் வெந்தவனுக்கு அந்த ஊர்சுற்றல்தான் ஆறுதலாகவும் இருந்தது.

ஒரு மழை நாளில் பஸ்ஸைத் தவறவிட்டு டெப்போவின் பின்பக்கம் ஒதுங்கியபோதுதான் தம்பியின் மூக்கில் அந்த வாசனை ஏறியது. கருகுகிற சர்க்கரை. சந்துக்குள் ஒரே ஒரு கதவு அகலத்தில் ஒரு கடை. உள்ளே பருத்த ஒரு பெண்மணி. இவன் பேச்சு அவளுக்குப் புரியாது, அவள் பேச்சு இவனுக்குப் புரியாது. விரலைக் காட்டினான், அலுமினியக் கிண்ணங்களில் இரண்டு கொடுத்தாள்.

அறைக்குக் கொண்டுவந்ததும் மாமா ஒரு கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்தார். நடுங்கியது, உடையவில்லை. ஒரு வாய் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க அக்கா கைடா இது" என்றார். தம்பி தன் கிண்ணத்தையும் அவர் பக்கம் நகர்த்தினான். பெரிய காரியம் செய்துவிட்டதாக அன்று நினைத்துக்கொண்டான்.

கொஞ்ச காலத்திலேயே மாமா குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். காலில் ஆணி குத்தியது தெரியாமல் ஒரு நாள் முழுக்க நடந்திருந்தார். ஊரின் மறுகோடியில் இருந்த மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்து, சர்க்கரை என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கிடங்கில் தெரிந்தால் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள் என்று பயந்து, வெளியில் யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்று மாமா தம்பியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அக்காவிடம் மறைக்க முடியுமா? போனில் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் விசாரணை.

"சர்க்கரை எவ்வளவுடா இருக்கு?" என்று முதல் நாள் கேட்டாள்.

தம்பி அடுப்பு மேடைக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "கால் டப்பா இருக்கும்க்கா" என்றான்.

மாமா சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. "எங்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கு, இவன் டப்பாவுல தேடறான்!" அக்காவும் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த அறையில் அது ஒரு நிரந்தரக் கேலி ஆகிவிட்டது. தேநீர் போடும்போதெல்லாம், "மாப்ளே, சர்க்கரை டப்பாவுக்கா, எனக்கா?" என்பார் மாமா.

சிரித்து முடித்த பிறகு அக்கா தம்பியிடம் தனியாகச் சொன்னாள்: "உன்னை நம்பித்தான் இருக்கேன்டா. அவரை முழுசா எங்கிட்ட கொண்டுவந்து சேத்துடு. அது போதும் எனக்கு."

தம்பி அந்த வார்த்தையைத் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டான். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அடுத்த சோதனையில் சர்க்கரை இறங்கவில்லை. அதற்கடுத்த சோதனையில் ஏறியே இருந்தது. "வாயைக் கட்டறேன் டாக்டர்" என்று மாமா தனக்குத் தெரிந்த அரைகுறை ஊர்ப்பாஷையில் சத்தியம் பண்ணினார். நம்பிய டாக்டர், மாத்திரைதான் போதவில்லை என்று இரண்டு மடங்காக்கினார். தம்பி நம்பவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைத் துழாவினான். மாமாவின் பழைய வேலைப் பூட்ஸுக்குள், கழுவித் துடைத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய அலுமினியக் கிண்ணங்கள் இருந்தன. இரண்டு பூட்ஸும் நிறைய.

"என்ன மாமா இது?"

மாமா திருதிருவென்று விழித்தார். "தூக்கிப் போட மனசு வரலடா. நல்ல கிண்ணம்."

தம்பிக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. சர்க்கரை டப்பா, ஜாம், பிஸ்கட், மாமா சட்டைப் பையில் மறைத்திருந்த மிட்டாய் எல்லாவற்றையும் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்தான். அதோடு விடவில்லை. நேராகச் சந்துக்குள் போய், போனில் மாமாவின் படத்தைக் காட்டி, அந்தப் பெண்மணியின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினான். பிறகு கழுத்தில் கையை வைத்துச் செத்துப்போவதுபோல் நாக்கை நீட்டிக் காட்டினான். அவள் வெலவெலத்துப் போய்த் தலையாட்டினாள்.

மறுநாள் மாமா வெறுங்கையோடு திரும்பினார். "என்னைப் பாத்ததும் கதவைச் சாத்திட்டாடா. திருடன் வந்த மாதிரி." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தம்பிக்குப் பாவமாக இருந்தது. ஆனால் இளகினால் கெட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

அதன் பிறகு மாமா மாறிப்போனார். குளிரில் எல்லாரும் விறைத்துக் கிடக்க, அவருக்கு மட்டும் பின்கழுத்தில் வேர்த்தது. டம்ளரைப் பிடித்தால் கை ஆடியது. காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். ஒருமுறை தம்பியைப் பார்த்து, "நீ எப்போ வந்தே? அவன் எங்கே?" என்றார். தம்பி அவரையே உற்றுப் பார்த்தான். உடனே அதற்கொரு காரணத்தையும் அவனே கண்டுபிடித்துக்கொண்டான். இனிப்புக்காக நாடகம் போடுகிறார். இத்தனை நாள் பூட்ஸுக்குள் ஒளித்த மனிதருக்கு இது பெரிய வித்தையா?

டாக்டர் இரண்டு மடங்காக்கியது திருட்டுப் புட்டிங் தின்கிற உடம்புக்கு. இப்போது புட்டிங் நின்றுவிட்டது, மாத்திரை நிற்கவில்லை. இந்தக் கணக்கு தம்பியின் மண்டையில் ஏறவேயில்லை. சொல்லிக் கொடுக்கவும் யாரும் இல்லை.

அந்த விடுமுறை நாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பையில் ஒரு கிண்ணம் அகப்பட்டது. யாரைப் பிடித்து வாங்கினாரோ. மாமா பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்பி அதைச் சிங்க்கில் கவிழ்த்து, வெந்நீரை ஊற்றிக் கரைத்துவிட்டான். அறை முழுக்கக் கருகின சர்க்கரை வாசனை எழுந்து நின்றது.

"ஒரு ஸ்பூன்டா மாப்ளே" என்றார் மாமா. "உடம்பு என்னவோ பண்ணுது. ஒரே ஒரு ஸ்பூன்."

"அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மாமா கோபித்துக்கொண்டு சாப்பிட மறுத்துவிட்டார். தட்டைக் கையால் தொடவில்லை. "சோறுதான் வேண்டாம், மாத்திரையையாவது போடுங்க" என்று தம்பி அவர் உள்ளங்கையில் மாத்திரையை வைத்தான், தண்ணீரும் கொடுத்தான். முழுங்கியதை வாயைத் திறக்கச் சொல்லிச் சரிபார்த்தான்.

மத்தியானம் மாமாவுக்குப் பேச்சு குழறியது. எழுந்து நின்றவர் பூட்ஸைக் கையில் எடுத்து அதற்குள் பார்த்தார். மறுபடி மறுபடி பார்த்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "அவ அடுப்பை அணைக்கலடா, கருகுது பாரு" என்றார். தம்பிக்கு இப்போதுதான் உறைத்தது. இது நாடகம் இல்லை.

அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்க்காரர் சலவைக்கூடத்துக்கு எதிரே மருந்துக் கடையில் இருப்பவர். நல்ல மனிதர், மாமாவைப் பார்த்ததில்லை. தம்பி அவருக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், கடை நிறையக் கூட்டம்.

"அண்ணே, எங்க மாமா என்னவோ உளர்றாரு. வேர்த்துக் கொட்டுது. காலையில இருந்து சாப்பிடல."

"வயசென்ன? நெஞ்சு வலி இருக்கா?"

"நாப்பத்தஞ்சு. நெஞ்சு வலியெல்லாம் இல்லைண்ணே."

"சர்க்கரை இருக்கா?"

தம்பியின் கண் அடுப்பு மேடைக்குப் போனது. டப்பா இருந்த இடம் காலி. குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் கேட்டதுபோல் அவனுக்குப் படபடத்தது. மாமாவை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறோமா என்றுதான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டான். "இல்லைண்ணே. சுத்தமா இல்லை. ஒரு பொட்டு கூடக் கிடையாது."

"அப்ப பயப்படாதீங்க. வெறும் வயித்து மயக்கம், வேலை அசதி. தண்ணி குடுத்துப் படுக்க வைங்க. தூங்கட்டும், எழுப்பாதீங்க. கடையை முடிச்சிட்டு நானே வந்து பாக்கறேன்."

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தண்ணீர் கொடுத்தான், பாதி வழிந்தது. படுக்க வைத்துப் போர்த்திவிட்டான். மாமா தூங்கிவிட்டார். குறட்டைகூட வந்தது. அதைக் கேட்கக் கேட்கத் தம்பிக்கு நிம்மதியாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் கஞ்சி குடித்தான். கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் கேட்டபோது ஜன்னலைச் சாத்தினான், மாமா எழுந்துவிடக் கூடாதென்று. சாத்தியதும் சிங்க்கிலிருந்து அந்த வாசனை மறுபடி எழுந்தது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் குறட்டை நின்றது. தொட்டுப் பார்த்தான். மாமாவின் கை தண்ணீரில் கிடந்த துணி மாதிரி இருந்தது. உலுக்கினான், கத்தினான், கன்னத்தில் அறைந்தான். டயர் கடைக்காரர் ஓடி வந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்.

மருத்துவமனைக்கு மருந்துக் கடைக்காரரும் வந்து சேர்ந்தார். டாக்டர் சொல்வதை எடுத்துச் சொல்ல அவரைத் தவிர ஆளில்லை. டாக்டர் பேசப் பேச அவர் முகம் செத்துக்கொண்டே வந்தது.

"சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கு. ரொம்ப நேரமா. மூளைக்குப் போக வேண்டியது போகல. முழிப்பாரான்னு இப்ப சொல்ல முடியாதாம்." மெல்லத் தம்பி பக்கம் திரும்பினார். "நான் கேட்டேனேப்பா? சர்க்கரை இல்லைன்னு சொன்னீங்களே?"

"வீட்ல இல்லைன்னு சொன்னேண்ணே" என்றான் தம்பி.

மருந்துக் கடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "முழிச்சிருந்தப்போ எதையாவது இனிப்பா வாயில வெச்சிருந்தா..." என்று ஆரம்பித்தவர், "ஒரு ஸ்பூன்..." என்று சொல்லி அதோடு நிறுத்திவிட்டார்.

தம்பியின் சட்டைப் பையில் போன் அடித்தது. சாயங்கால விசாரணை நேரம்.

"என்னடா, எடுக்க இவ்வளவு நேரமா? எப்படி இருக்கார்? இன்னிக்காவது சர்க்கரை இறங்கிச்சா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா கிடந்தார், மூக்கிலும் வாயிலும் குழாயோடு.

"இறங்கிடுச்சுக்கா."

"அப்பாடா!" அக்காவின் குரல் பொங்கிக்கொண்டு வந்தது. "எனக்குத் தெரியும்டா, நீ பக்கத்துல இருந்தா அவரை வழிக்குக் கொண்டு வந்துடுவே. நீ என் வயித்துல பாலை வார்த்தடா. ஊருக்கு வரட்டும், நானே ஒரு கிண்ணம் பண்ணித் தரேன்னு சொல்லு. நல்லாக் கருக்கி. எங்கே அவரு? குடு, நானே சொல்றேன்."

தம்பி கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான்.

"தூங்கறாருக்கா."

"சரி, தூங்கட்டும்" என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "எழுப்பாதே."