மைதா அடித்த தென்னைகள்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நரசிம்மலு ஆறுச்சாமியின் கிணற்றுக்குள் டேப்பை இறக்கினார். நுனியில் கட்டியிருந்த இரும்பு நட்டு தண்ணீரைத் தொட்டது. ஐம்பத்திரண்டு அடி. போன வாரமும் ஐம்பத்திரண்டு. அதற்கு முந்தின வாரமும் அதுவே.

நரசிம்மலுவின் கிணறு மூன்று வாரத்தில் நான்கு அடி இறங்கியிருந்தது. இரண்டு கிணறுகளுக்கும் நடுவே ஒரு கம்பிவேலியும் ஊராட்சி எல்லையும்தான்.

கரட்டுப்பதி ஊராட்சியும் சின்னவேடம்பாளையம் ஊராட்சியும் போன வருடம் ஓர் ஒப்பந்தம் போட்டன. கரட்டுப்பதித் தடுப்பணைத் தண்ணீர் குழாய் வழியே எல்லைக் குட்டைக்கு வரும். குட்டைக்கு இடம் சின்னவேடம்பாளையத்துடையது. இரண்டு பக்கத்துக் கிணறுகளும் ஊறும். நிபந்தனை ஒன்றுதான். மூன்று வருடத்துக்கு யாரும் புதிதாகப் போர்வெல் ஓட்டக் கூடாது. எந்தப் பக்கம் ஓட்டினாலும் குட்டைக்கு வரும் குழாயின் வால்வு மூடப்படும்.

யாரும் யாரையும் நம்பாததால் கிணறு அளக்கும் வேலையை மாற்றிக்கொண்டார்கள். கரட்டுப்பதிக் கிணறுகளைச் சின்னவேடம்பாளையத்து நரசிம்மலு அளப்பார். சின்னவேடம்பாளையத்துக் கிணறுகளைக் கரட்டுப்பதியின் டேங்க் ஆபரேட்டர் மாசாணியம்மாள் அளப்பாள்.

முதல் வருடத்தில் நரசிம்மலுவின் கிணறு பதினோரு அடி ஏறியது. அதை நம்பித்தான் மூன்று ஏக்கர் தென்னையை வெட்டாமல் விட்டிருந்தார்.

"எறங்கலீங்களா?" என்று கேட்டார் ஆறுச்சாமி.

"எறங்கலீங்க."

"எப்படிங்க எறங்கும்? மோட்டாரு காயில் எரிஞ்சு போயிப் பதினஞ்சு நாளாச்சு. சோமனூர்ல கட்டக் குடுத்திருக்குது. இன்னிக்கு நாளைக்குங்கறான்."

நரசிம்மலு தலையாட்டினார். பங்குனி வெயில். பதினைந்து நாளாக மோட்டார் இல்லை. மரம் மட்டும் வாடவில்லை.

அப்போதுதான் வேலியோரத்துத் தென்னம்பிள்ளைகளைக் கவனித்தார். இலையெல்லாம் வெள்ளை படிந்திருந்தது.

போர் ஓட்டினால் பாறைமாவு எழும்பிச் சுற்றியுள்ள இலைகளில் படியும். மழை வரும்வரை போகாது. எங்கே போர் போட்டார்கள் என்று இந்தப் பக்கத்தில் யாரும் விசாரிப்பதில்லை. இலையைப் பார்த்தால் போதும்.

"இதென்னுங்க, இப்படி வெளுத்துக் கெடக்குது?"

"மைதாங்க."

"மைதாங்களா?"

"வெள்ளை ஈ வந்து எலையில கருப்புப் பூசணம் புடிச்சுதல்லங்க. மைதாவக் காய்ச்சி அடிச்சா உரிஞ்சு வந்துரும்னு வேளாண்மை ஆபீஸ்ல சொன்னாங்க. நான் கொஞ்சம் கெட்டியாக் காய்ச்சிப்போட்டேன். இப்ப மரத்துலயே பரோட்டா சுடலாம் போங்க."

நரசிம்மலு சிரித்தார். சிரித்துக்கொண்டே ஓர் இலைத்துண்டைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டார்.

மதியம் மாசாணியம்மாள் வந்து அவர் கிணற்றை அளந்தாள். அறுபத்தொன்று.

"பங்குனியில எறங்கறதுதானுங்ணா," என்றாள். "அவுங்க மோட்டாரு ஓடல, எறங்கல. உங்களுது தெனமும் ஓடுது, எறங்குது."

அவள் கரட்டுப்பதிக்காரி. வேறு எப்படிச் சொல்வாள் என்று நரசிம்மலு நினைத்துக்கொண்டார்.

அவள் போனதும் இலைத்துண்டை மனைவியிடம் கொடுத்தார். பங்காரம்மா விரலை நனைத்து இலைமேல் தேய்த்தாள்.

"பசையாட்ட இழுக்குதுங்க. மாவேதான். கல்லுப்பொடி இப்படி ஒட்டுமா?"

"மேல மாவு. அடியில என்ன இருக்குதுன்னு யாரு கண்டா?"

"அடியில எலை இருக்குது."

"போர் போட்டவன் அத மறைக்கோணும்னா என்ன பண்ணுவான்? அதும்மேல மாவ அடிப்பான்."

"இந்த ரோசனை அவுங்களுக்கு வந்திருக்காதுங்க. உங்களுக்குத்தான் வரும்."

"நாம சத்தியமங்கலம் போயி மூணு நாள் இருந்தமே. அப்பத்தான் போட்டிருக்கோணும்."

"ஊரே இங்கதான இருந்துச்சு. போர்வண்டிச் சத்தம் கேட்டுச்சுன்னு ஒருத்தரும் சொல்லலியே."

"அதுதான் எனக்கும் சந்தேகம்."

பங்காரம்மா இலையை வெளியே வீசிவிட்டு உள்ளே போனாள். அவர் போர்வண்டி ஏஜென்ட் மோகன்குமாருக்குப் போன் செய்தார்.

சனிக்கிழமை காலை திருச்செங்கோட்டுப் போர்வண்டி வந்து நின்றது. எட்டு மணிக்குத் துளை போட ஆரம்பித்தார்கள். பங்காரம்மா சன்னல்களைச் சாத்தினாள். பாறைமாவு புகையாக எழுந்தது. மேற்குக் காற்று அதை அப்படியே வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது.

மேட்டுப்பாளையம் போயிருந்த ஆறுச்சாமி மதியம் திரும்பினார். தன் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வேலிக்கு வந்தார்.

"ஏனுங்க, என்னங்க இது?"

"நீங்க பண்ணுனதுதானுங்க."

"நான் என்னங்க பண்ணுனேன்?"

"முதல்ல போட்டது நீங்க."

ஆறுச்சாமி வேலிப்படலை விலக்கினார்.

"வாங்க. வந்து காட்டுங்க."

நரசிம்மலு போனார். ஒவ்வொரு வரிசையாக நடந்தார். தரையில் எங்காவது குழாய் வாய் தெரிகிறதா என்று பார்த்தார். உரமூட்டைகளை நகர்த்தினார். காய்ந்த மட்டைக் குவியல்களைக் காலால் தள்ளினார். ஒன்றின் அடியில் தேள் இருந்தது. வேறெதுவும் இல்லை. ஆறுச்சாமி பத்தடி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். வேலிக்கு அப்பால் வண்டி இரைந்துகொண்டே இருந்தது.

கடைசி வரிசைக்குப் பிறகு மோட்டார் அறை. பூட்டியிருந்தது.

"இதைத் தொறங்க."

ஆறுச்சாமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். நரசிம்மலுவே திறந்தார். உள்ளே சிமென்ட் மேடை. மோட்டார் கழற்றின இடத்தில் நான்கு போல்ட்டுகள். இரண்டுக்கு நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது.

வண்டிச் சத்தம் நின்றது.

டிரைவர் வேலிக்கு வந்து கூப்பிட்டான். "எழுநூறு அடி போயாச்சுங்க. தண்ணியில்ல, வெறும் புகைதான். இன்னும் ஓட்டறதுங்களா?"

நரசிம்மலு மோட்டார் அறைக் கதவைச் சாத்தினார்.

ஆறுச்சாமி பக்கத்து மரத்தின் இலையில் விரலை வைத்து இழுத்தார். விரலில் வந்ததை ஊதினார். பறந்துவிட்டது.

"இது மாவு இல்லீங்க," என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மாசாணியம்மாள் வந்தாள். கையில் டேப் இல்லை. வால்வைத் திருகும் நீளச் சாவி இருந்தது.

"வால்வ மூடச் சொல்லி ரண்டு தலைவர்களும் கையெழுத்துப் போட்டுட்டாங்கண்ணா. குட்டைக்கரை வரைக்கும் நீங்களும் வரோணுமாம்."

"நான் எதுக்கு?"

"முழுசா மூடுனனான்னு உங்க பக்கத்து ஆள் ஒருத்தர் பார்க்கோணுமாம். ஒப்பந்தத்துல இருக்குதுங்களே."

நரசிம்மலு செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். குட்டையில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. மாசாணியம்மாள் சாவியைப் பொருத்தித் திருக ஆரம்பித்தாள். அவர் சுற்றுகளை எண்ணினார்.