சிரிக்கக் கூடாத ஃபோட்டோ

எங்கள் வீட்டுக் குளியலறைக்குள்ளிருந்து தினமும் மூன்று வேளை ஒரு பெண் குரல், "அருமை, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது என் மனைவி மாரினின் குரல் இல்லை. அவள் போனில் இருந்த ஒரு செயலியின் குரல். மாரின் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் வெளியே இரண்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நிற்பேன்.

அந்தச் செயலியைக் கண்டாலே எனக்கு ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கனடாவில், பிராண்டன் என்கிற ஊரில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறவன். பனிக்காலத்துக்கு டயர் மாற்ற நவம்பர் முழுக்க ஊரே எங்கள் வாசலில் நிற்கும். நாள் பூராவும் நட்டு முடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், சிரிப்பு சொல்லிக்கொடுக்க ஒரு போன். எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

ஆனால் அது விளையாட்டுக்கு வந்ததில்லை. ஐடா பிறந்த மூன்றாவது வாரத்திலேயே மாரின் ஆளே மாறிப்போனாள். பால் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், துணி மாற்றுவாள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. முகத்தில் மட்டும் எதுவும் இருக்காது. பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாரம் ஒருமுறை மனம் விட்டுப் பேச ஓர் ஆலோசகரையும் ஏற்பாடு செய்தார். அந்த ஆலோசகர் அம்மாள்தான், மாத்திரையோடு இதையும் செய்து பார், முகத்துக்குப் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கட்டும், மனசு மெதுவாகப் பின்னால் வரும் என்று செயலியைக் காட்டியிருக்கிறார்.

கேமராவைப் பார்த்துப் பத்து நொடி சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். திரையில் ஒரு சூரியகாந்தி இருக்கும். வாய் மட்டும் சிரித்தால் பூ பாதி விரியும். கண்ணும் சேர்ந்து சிரித்தால்தான் முழுசாக விரியும். மாரினுக்கு அது பாதியைத் தாண்டியதே இல்லை. அவளுக்குத் தெரியாமல் ஒருநாள் நானும் முயன்று பார்த்தேன். முகம் தெரியவில்லை, வெளிச்சத்தில் வந்து நிற்கவும் என்றது. என் தாடிக்கு என்ன வெளிச்சம் போட்டாலும் அப்படித்தான்.

அந்த ஆத்திரமோ என்னவோ, ஒருநாள் சாப்பிடும்போது அவள் என் தட்டில் உருளைக்கிழங்கு வைக்க, நான் அந்தக் குரலிலேயே, "அருமை, இன்னும் கொஞ்சம்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

டிசம்பரில் வெளியே மைனஸ் இருபத்தெட்டு இருக்கும்போது எங்கள் ஹீட்டர் நின்றுபோனது. பழுது பார்க்க கிளென் என்று ஓர் ஆள் வந்தார். மீசையெல்லாம் பனி. உள்ளே வந்தவர் மூன்று போர்வைக்குள் கிடந்த ஐடாவைக் குனிந்து பார்த்து, "என்னடி செல்லம், குளுருதா, மாமா இப்ப சரி பண்ணிடறேன்" என்றார். ஐடா அவரை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் முகம் முழுக்கச் சிரித்தாள். பிறந்ததிலிருந்து அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு. அது போய் ஹீட்டர்காரருக்குக் கிடைத்தது.

"எல்லாரையும் பாத்து இப்படித்தான் சிரிப்பாளா?" என்று கிளென் கேட்டார்.

காபிக் கோப்பையோடு நின்றிருந்த மாரின், "இல்ல" என்றாள்.

அடுத்த நாலு நாளில் ஐடாவுக்குச் சிரிப்பு பிடிபட்டுவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். மளிகைக்கடையில் பில் போடுகிற பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடக் கிடைத்தது. பெற்றவளைத் தவிர எல்லாருக்கும் கிடைத்தது. மாரின் தூக்கினால் ஐடா அவள் முகத்தை உற்றுப் பார்ப்பாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஐந்தாம் நாள் காலை, பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்.

"நான் ஜோனிகிட்டப் போறேன்."

ஜோனி அவள் அக்கா. எல்லை தாண்டி அமெரிக்காவில், டென்வரில் இருக்கிறாள்.

"நல்லதுதானே. ரெண்டு பேரும் கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க."

"ரெண்டு பேரும் இல்ல கோல்பி. நான் மட்டும்."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல."

"குழந்தை?" என்றேன்.

"அவளுக்கு நீ போதும். புட்டிப் பால் குடிக்கிறா. உன்னப் பாத்தா சிரிக்கிறா. என்னைத்தான் ஏதோ வேலைக்கு வந்தவளப் பாக்கிற மாதிரிப் பாக்கிறா. நான் இங்க இருந்தா அவளுக்குக் கெடுதல்தான்."

"நீ அவளப் பாத்துச் சிரிச்சாத்தானே அவ சிரிப்பா."

சொல்லியிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது. அவள் ஈரக் கையோடு திரும்பினாள்.

"பொய்யாச் சிரிக்கச் சொல்றியா?"

"தினம் மூணு வாட்டி போனப் பாத்துச் சிரிக்கிறியே, அது என்னவாம்?"

"போனுக்குப் பொய்ச் சிரிப்பு போதும். அவளுக்கு நான் பொய்யக் குடுக்க மாட்டேன். அந்தப் பூ ஒரு தடவையாவது முழுசா விரியட்டும், அன்னைக்கு நேரா அவகிட்டப் போய்ச் சிரிக்கணும்னு இருந்தேன். முப்பத்தஞ்சு நாளாச்சு. விரியவே இல்ல."

இத்தனை நாள் கதவுக்கு வெளியே நின்று எரிச்சல்பட்ட எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக அவள் சிரித்த சிரிப்பையெல்லாம் அந்தப் போன் ஒன்றுதான் பார்த்திருக்கிறது. நான் பார்க்கவில்லை, குழந்தையும் பார்க்கவில்லை. நல்லதாக ஒன்று வரட்டும், பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று இவள் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கத்தான் குரலை உயர்த்தினேன்.

"சரி, போ. ஆனா இவளையும் கூட்டிட்டுப் போ."

"முடியாதுங்கறேன்."

"பிளைட்ல போக இவளுக்கும் பாஸ்போர்ட் வேணும். இன்னைக்கே ஃபோட்டோ எடுக்கிறோம். பாஸ்போர்ட் கையில இருக்கட்டும், கூட்டிட்டுப் போறதும் விட்டுட்டுப் போறதும் அப்புறம் உன் இஷ்டம்."

நான் பிடித்தால் பிடித்த பிடிதான் என்று அவளுக்குத் தெரியும். கையைத் துடைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

பதினெட்டாம் தெரு மருந்துக்கடையில் ஒரு மூலையில் பாஸ்போர்ட் ஃபோட்டோ எடுப்பார்கள். அங்கே வெர்னா என்று அறுபது வயது அம்மாள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மனப்பாடமாக ஒப்பித்தார்.

"கண்ணு திறந்திருக்கணும். வாய் மூடியிருக்கணும். சிரிக்கக் கூடாது. பிடிச்சிருக்கிறவங்க கை தெரியக் கூடாது. கைக்குழந்தைக்குக் கொஞ்சம் விட்டுக்குடுப்பாங்க, ரொம்ப இல்ல."

குழந்தையைத் தூக்கி வந்திருந்த கார் இருக்கையின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து ஐடாவைக் கிடத்தினார். ஐடா மேலே டியூப் லைட்டைப் பார்த்தாள். நான் சாவிக்கொத்தை ஆட்டினேன். சாவியைப் பார்த்தாள். கேமராவை மட்டும் பார்க்கவில்லை.

"தம்பி, நீங்க கொஞ்சம் நகருங்க. அம்மா, நீங்க வாங்க. என் தோளுக்குப் பின்னால நின்னு கூப்பிடுங்க."

"நான் வந்து ஒண்ணும் ஆகாது" என்றாள் மாரின்.

"அம்மா வந்து ஆகலன்னா வேற யார் வந்து ஆகும்? வாங்க."

மாரின் போய் நின்றாள். வெர்னா கேமராவைத் தூக்கினார். முப்பத்தைந்து நாள், தினம் மூன்று வேளை, கேமராவைத் தூக்கினால் சிரித்துப் பழகிய முகம் அது. யாரையும் கேட்காமல் தானாகவே சிரித்துவிட்டது. அவளுக்கே தெரிந்திருக்காது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாய் மட்டும்தான் சிரித்தது. கண் எப்போதும் போல் களைத்துத்தான் இருந்தது.

ஐடா அவளைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, இது யார் என்பது போலப் பார்த்தாள். அப்புறம் கிளெனுக்கும் எனக்கும் நாய்க்கும் கொடுத்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால்கூட வராத ஒரு சிரிப்பு. கை கால் எல்லாம் உதறியதில் வெள்ளைத் துணி சரிந்து கீழே விழுந்தது.

கேமரா கிளிக் என்றது. வெர்னா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது செல்லாது. இன்னொண்ணு எடுக்கலாம்."

துணியைச் சரி செய்து மறுபடி தூக்கினார். ஐடா மறுபடி சிரித்தாள். மூன்றாவது படத்தில் சத்தம் வேறு வந்தது. நாலாவதில் எச்சில் வழிந்தது. ஐந்தாவதில் வெர்னா கேமராவை இறக்கிவிட்டார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் அந்த ஷாம்பு அலமாரிக்கு அந்தப் பக்கம் போய் நிக்கிறீங்களா? உங்க மூஞ்சியப் பாக்கிற வரைக்கும் இவ வாய மூடமாட்டா."

"என் மூஞ்சியவா?" என்றாள் மாரின்.

"பின்ன என் மூஞ்சியவா? போங்கம்மா, வரிசையில ஆள் நிக்குது."

மாரின் என்னைப் பார்த்தாள். அவள் மெதுவாக நடந்து அலமாரிக்கு அந்தப் பக்கம் போனாள்.

ஐடாவின் சிரிப்பு நின்றது. இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். வெர்னாவின் தோளுக்குப் பின்னால், அம்மா நின்றிருந்த இடத்தையே நேராகப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். வெர்னா சட்டென்று எடுத்தார்.

"இதுதான் வேணும்" என்றார். "கண்ணு திறந்திருக்கு, வாய் மூடியிருக்கு. அம்மாவத் தேடறா பாருங்க, அதான் சிரிக்கல."

அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசும்பல் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். மாரின் ஷாம்பு பாட்டில்களுக்கு நடுவே நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ தரம் அவள் அழுது பார்த்திருக்கிறேன். இது அந்த அழுகை இல்லை. போனைக் காதில் வைத்திருந்தாள்.

"இல்ல ஜோனி, நல்லாத்தான் இருக்கேன். நீ கேளு. உனக்குத் தெரிஞ்சவங்க யாருகிட்டயாவது குழந்தைத் தொட்டில் ஒண்ணு இருக்குமா?"