ஒரு சொட்டும் தொடாதவர்கள்

கலைவாணியுடைய அம்மாவின் தம்பி செல்லப்பன் மடியிலிருந்து குவார்ட்டர் பாட்டிலை எடுத்து, பிணத்தின் தலைமாட்டில் நின்ற குருவிடம் நீட்டினார். "வாய்க்கரிசியோட ரெண்டு சொட்டு வுடு மச்சான். மாமா ஆசையோட போயிட்டாரு, பாவம்."

கலைவாணி சட்டென்று நிமிர்ந்தாள். அவளுடைய நைனா விநாயகம் ஆயுளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. ரத்தத்தில் காமாலைக் கிருமி வருஷக்கணக்காகக் குடியிருந்தது. போதாததற்கு ஈரலில் கொழுப்பும் படிந்துகொண்டது. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தினார். எல்லாம் சேர்ந்து ஆளை முடித்துவிட்டன. ஊருக்கோ ஈரல் கெட்டது என்றால் குடிதான். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவளே அம்மா சுந்தராம்பாள். குடிகாரன் வீட்டில் பெண் எடுப்பார்கள், தொத்து வியாதி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. தை மாதம் கலைவாணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா அனந்தபுரத்திலிருந்து வந்து, அவள் தோளை அணைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நைனாவுக்கு மகன் இல்லை. கொள்ளி வைக்கப்போவது தம்பி குருதான். ஈர வேட்டியோடு நின்ற அவர் வயிறும் அண்ணன் வயிறு போலவே முன்னால் தள்ளியிருந்தது.

"திருட்டுத்தனமா குடிச்சி செத்துட்டியேண்ணா," என்று விம்மினார். "நான் தொட்டிருப்பனா? கல்லு மாதிரி இருக்கன் பாரு."

அந்தப் பேச்சுதான் கலைவாணியைக் குத்தியது. கிருமி தாயிடமிருந்து பிறக்கும்போதே ஒட்டியிருக்கலாம், கூடப்பிறந்தவரையும் கூட்டிவாருங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கல்யாணம் முடியட்டும் என்று நைனா தள்ளிப்போட்டார். குடியால் வந்த சாவு என்று நம்பிவிட்டால் சித்தப்பா சாகிறவரை ஒரு டெஸ்ட் எடுக்கமாட்டார்.

குரு மூடியைத் திருகினார். கலைவாணி வாயைத் திறப்பதற்குள் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"சும்மா இரு கலை."

"ஊத்தாதீங்க சித்தப்பா. நைனா குடிச்சதே இல்ல." கலைவாணி கையை உதறிக்கொண்டாள். "ரத்தத்துல காமாலைக் கிருமி. கூடவே ஈரல்ல கொழுப்பு. உங்களுக்கும் இருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

ஒப்பாரி நின்றது. அவள் தோளிலிருந்த கை மெல்ல விலகியது.

"இன்னாடி உளர்ற," என்றாள் அம்மா. அதில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது.

குரு யாரையும் பார்க்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே அவர் கை தானாகப் போய் நின்றது. பிறகு பாட்டிலை மூடிச் செல்லப்பனிடமே கொடுத்துவிட்டு, அரிசியை மட்டும் போட்டார்.

பாடையோடு கோட்டைமலைச் சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பியபோது அனந்தபுரத்து அம்மா இல்லை. சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அதனால் அவள் முறித்துக்கொண்டு போனாளா, வழக்கப்படிதான் போனாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சித்தப்பா வாசலில் கால் கழுவ நின்றார். கலைவாணி சொம்பைச் சாய்த்தாள்.

"நாளைக்குப் பால் ஊத்திட்டு டெஸ்ட்டுக்குப் போலாம் கலை," என்றார் தணிந்த குரலில். "வெறும் வயித்துல போணுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மா திரும்பாமலே சொன்னாள்.

"வெறும் வயித்துலதான். உங்க அண்ணனும் அப்பிடித்தான் போவாரு."