துடைக்க வந்தவர்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் குடியிருந்த வலன்ரைன், பண்டாரவளைப் பக்கம் ஒரு கொட்டகையில் கிடந்த பழைய எம்.ஜி. காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது, மனைவி றோஸி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது காரோ, கோழிக்கூடோ?” என்று கேட்டாள். கேட்டதில் பிழையில்லை. சீட்டில் கோழி எச்சம் காய்ந்து கிடந்தது. இருவர் மட்டும் இருக்கக்கூடிய, கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார், ஐம்பத்தைந்து வயது. தரைத்தகடு விரல் பட்டாலே உதிர்ந்தது. என்ஜின் இறுகிப்போய் அசைய மறுத்தது.

அதை அசைய வைத்தவர் பௌஸி. இருவரும் துறைமுகத்தை ஒட்டிய கொச்சிக்கடையில் அடுத்தடுத்த சின்ன வீடுகளில் வளர்ந்தவர்கள். வலன்ரைன் கப்பல் கம்பெனியொன்றில் மனேஜராகி வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார். மூன்று வயது மூத்த பௌஸி, துறைமுக வேர்க்‌ஷொப்பில் முப்பது வருடம் கிரேன் என்ஜின்களோடு மாரடித்துவிட்டு, ஓய்வு பெற்றும் அதே வீட்டில் இருந்தார். அன்றைக்கும் இன்றைக்கும் வலன்ரைனுக்கு அவர் அண்ணன் முறையில் ‘நானா’தான்.

மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் பௌஸி பஸ்ஸேறி வந்தார். என்ஜினுக்குள் டீசலை ஊற்றி ஒரு மாதம் ஊறவிட்டு, கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்பி இளக்கினார். ரப்பர் குழாய்த் துண்டொன்றின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை, என்ஜினுக்குக் காற்றும் பெற்றோலும் கலந்து ஊட்டும் காபரேட்டரின் வாயிலும் வைத்து, உள்ளே காற்று இழுபடும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, இரண்டு காபரேட்டர்களையும் ஒரே மூச்சு விடப் பழக்கினார். கூலிப் பேச்சை எடுத்தால் அவருக்குக் கோபம் வரும். வலன்ரைன் துரு தேய்த்தார், பச்சை வர்ணம் அடித்தார், கடற்காற்றின் உப்பு படியாமல் தினமும் துடைத்து மூடி வைத்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கடற்கரை ஹோட்டலொன்றின் புல்வெளியில் பழைய கார்க் கழகத்தின் கண்காட்சிப் போட்டி நடந்தபோது, பௌஸி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெயிலேறியதும் கையில் ஒரு துணியோடு காரின் பக்கத்தில் நின்றார். நடுவர் வந்தார், வெள்ளைத் தொப்பி, வழவழப்பான ஆங்கிலம். பொனெற்றைத் தூக்கச் சொல்லி, என்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்தார். முகம் மலர்ந்தது.

“இரண்டு காபரேட்டரையும் இப்படி ஒத்துப்போக வைத்தது யார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வலன்ரைனைச் சுற்றி நாலைந்து கார்க்காரர்கள் நின்றார்கள். எல்லோரும் பரம்பரைப் பணக்காரர். தான் கொச்சிக்கடை ஒழுங்கையில் பிறந்தவன் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

“நான்தான்,” என்றார். “எல்லாம் வீட்டில் வைத்து என் கையாலேயே செய்தது.”

“பிரமாதம். இவர்?”

நடுவரின் பார்வை பௌஸியின் கையிலிருந்த துணியில் நின்றது.

“என்னுடைய ஆள். கழுவித் துடைக்க வருகிறவர்.”

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று உறைத்தது. பௌஸிக்கு ஆங்கிலம் அவ்வளவாக விளங்காது என்று மனதைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். வெளிநாட்டு எஞ்சினியர்களோடு முப்பது வருடம் வேலை செய்த மனிதர் அவர். பௌஸி நடுவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு குனிந்து, ஏற்கெனவே பளபளவென்றிருந்த முன்விளக்கைத் துடைக்கத் தொடங்கினார்.

வலன்ரைனுக்குக் காது மடல் எரிந்தது. இருந்தும் சொன்னதைத் திருத்தவில்லை. பரிசுக் கிண்ணம் கொடுத்தார்கள்; சிரித்துக்கொண்டே வாங்கினார்.

திரும்பும் வழியில் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பௌஸி, “இங்க எறக்கிடுங்க. பஸ் இரிக்கி,” என்றார்.

“வீட்டில விடுறன் நானா.”

“வேணாம் சேர்.”

அறுபது வருடத்தில், முதலாளிகளை அழைக்கும் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வலன்ரைன் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு பௌஸி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வலன்ரைன் அழைத்தபோதெல்லாம் அவர் வீட்டுத் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. “நானாக்கு சுகமில்லையோ?” என்று றோஸி மூன்றாம் முறை கேட்டபோது, வலன்ரைன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

“பௌஸி நானாவையோ அப்பிடிச் சொன்னீங்கள்?” றோஸி எழுந்து போனாள். ஷோகேஸிலிருந்த கிண்ணத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரமே வலன்ரைன் கொச்சிக்கடைக்குப் போனார். காரை எடுக்க மனம் வரவில்லை, த்ரீவீலரில் போனார். பௌஸியின் மனைவி ஹமீமா கதவைத் திறந்து, முகம் பாராமல், “வாங்க, இரிங்க,” என்றார். பௌஸி சாரத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“நானா, நான் அண்டைக்கு...”

“எனக்கு இங்கிலீஷ் விளங்கும்.”

“தெரியும்.”

“ஏன் அப்பிடிச் சொன்னீங்க? அத மட்டும் சொல்லுங்க.”

வரும் வழியெல்லாம் யோசித்து வைத்த சாக்குகள் நாக்கு நுனியில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டார். “வெக்கமாக் கிடந்தது நானா. அந்த ஆக்களுக்கு முன்னால.”

“என்னப் பத்தியா?”

உள்ளே ஹமீமா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

“ஓம்,” என்றார் வலன்ரைன்.

பௌஸி தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். “அந்தச் சட்ட அவ வாங்கித் தந்தது. கூட்டத்துல நிக்கப் போறீங்க, நல்லா உடுத்திட்டுப் போங்க எண்டு.” பெருமூச்சு விட்டார். “என்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன செய்ய? எனக்குத்தான் நான் ஆரு எண்டு தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க.”

மாதக் கடைசியில் கழகத்தின் இராப்போசனம். சாப்பாடு பரிமாறும் நேரம் பார்த்து வலன்ரைன் எழுந்து நின்றார். அந்த என்ஜினைத் தான் தொடவேயில்லை என்றும், அதைக் கட்டியவர் தன் சின்ன வயதுக் கூட்டாளி பௌஸி என்றும், அவரைத் தன் வேலையாள் என்று பொய் சொன்னதாகவும் சொன்னார். தான் கொச்சிக்கடைக்காரன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கிண்ணத்தை மேசையில் வைத்தார். கரண்டிகள் ஓய்ந்தன. சிலர் தட்டைப் பார்த்தார்கள். நடுவர், “அட, மெக்கானிக் இல்லாமல் யார்தான் கார் வைத்திருக்கிறோம்? இதற்குப் போய்...” என்று சிரிக்க, மற்றவர்களும் சிரித்தார்கள். இத்தனை மலிவான மனிதர்களுக்காகவா என்று நினைத்தபோது வலன்ரைனின் வெட்கம் இரட்டித்தது.

வெளியே வந்து வீதியோரம் நின்று பௌஸிக்குப் போன் எடுத்தார். இந்தமுறை பௌஸி பதில் சொன்னார்.

“சொல்லிட்டன் நானா.”

“என்ன சொன்னாங்க?”

“சிரிச்சாங்கள்.”

பௌஸி பேச்சை மாற்றினார். “காரக் கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்றீங்களா? இல்லாட்டி பெற்றோல் காஞ்சி அடச்சிக்கும்.”

“பண்ணேல்ல. கிட்டப் போகவே மனமில்ல.”

“காரு என்ன பாவம் செஞ்சிச்சி?” என்றார் பௌஸி. “நாளைக்கே பண்ணுங்க.” வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வலன்ரைன் மூடியிருந்த துணியை இழுத்தார். கிண்ணம் வாங்கிய நாளுக்குப் பிறகு காரில் அவர் கை படவேயில்லை; பம்பரில் உப்புப் பூத்து, ஓரங்களில் துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. என்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்காலூன்றித் தேய்க்கத் தொடங்கினார்.