இரவல் புழுக்கள்

1

இந்தக் கதை ஒரு டிபன் டப்பாவிலிருந்து பிறந்தது. அத்தை வீட்டுச் சமையலறையில் அதை எடுக்கப் போனபோது, "தொடாதே, அதுல புழு இருந்துச்சு!" என்று மாமா கத்தினார். டப்பாவில் ஏன் புழு என்று கேட்டதும் அத்தை சிரிக்கத் தொடங்கினாள், மாமா சொல்லத் தொடங்கினார். அவர்கள் சொன்னதில் பாதியை வைத்துக்கொண்டேன். மீதிப் பாதி நான் நட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"நாட்டில் இயற்கை வேளாண்மையை வளர்ப்பதற்காக அரசு அறிவித்துள்ள சிறப்புத் திட்டத்தின் கீழ், பயனாளிகளுக்கு..."

பயனாளியைத் தாண்டி யாரும் படிக்க மாட்டார்கள். நானே தாண்டவில்லை.

அடுத்து: "கதிரவன் கீழ்வானில் தன் பொற்கதிர்களை..."

(அத்தை எழுந்திருக்கும் நேரத்தில் கதிரவன் எழுந்திருப்பதில்லை. இதையும் விட்டுவிட்டேன்.)

2

ஆகவே நேராகச் சொல்கிறேன். அத்தை முட்டைக்கோஸ் போடுகிறாள். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் தொடாமல் மூன்று வருடம் பயிர் செய்தால் அரசு சான்றிதழ் தரும். அதுவரை விதை, எருக்குழி, ஆய்வுச் செலவு எல்லாவற்றுக்கும் அரசே கை கொடுக்கும். சான்றிதழ் வந்துவிட்டால் ஆஸ்பத்திரிச் சமையலறைகளுக்கு நல்ல விலையில் காய் போகும். இடையில் ஒரு துளி மருந்து பட்டாலும் போச்சு, மறுபடி முதல் நாளிலிருந்து.

கடைசி ஆய்வுக்கு முந்தின நாள் அத்தைக்குக் கவலை வந்துவிட்டது. காரணம், தோட்டம் மிக நன்றாக இருந்தது.

சிரிக்காதீர்கள். இலையில் ஓட்டை இருந்தால் கவலைப்படாதீர்கள், மருந்து அடிக்காததற்கு அதுவே சாட்சி என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அத்தையின் கோஸில் ஓட்டையே இல்லை. தினமும் விடியுமுன் வரிசை வரிசையாகக் குனிந்து, புழுக்களைக் கையால் பொறுக்கிக் கோழிகளுக்குப் போட்டுவிடுவாள்.

"கடையில தொங்குற பிளாஸ்டிக் கோஸ் மாதிரி இருக்குடி. எவன் நம்புவான்?" என்றார் மாமா.*

"நீங்க வேற வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க."

"நாலு புழுவையாவது விட்டு வச்சிருக்கலாம்ல?"

அந்த நிமிடத்தில்தான் அத்தைக்கு அந்த யோசனை வந்தது.

(* மாமா இதைப் படித்தால், தான் இப்படிச் சொல்லவே இல்லை என்பார். இதைவிட மோசமாகச் சொன்னார்.)

3

பக்கத்துத் தோட்டக்காரருக்கு 'டேங்க்' என்று பெயர். மருந்துத் தெளிப்பானை முதுகிலிருந்து இறக்காமலே தூங்குவார் என்று கேலி. வில்லனாக்க நல்ல ஆள் என்று நினைத்தேன். வாயைத் திறந்தார், எனக்குப் பிடித்துப்போனது.

"அண்ணே, கொஞ்சம் புழு இருந்தாக் குடுங்க," என்றாள் அத்தை.

"ஏம்மா, தீப்பெட்டி கேக்குற மாதிரி கேக்குறே! எடுத்துக்க. திருப்பித் தர வேணாம்."

அத்தை நீட்டிய டிபன் டப்பா நிறைய, இலையோடு கொடுத்தார். அன்று காலைதான் மருந்து அடித்ததைச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. பல் தேய்த்தேன் என்று யாராவது அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

4

அன்று மாலையே அத்தை அந்தப் புழுக்களைத் தன் கோஸ் இலைகளில் விட்டாள். மறுநாள் ஆய்வாளர் வந்தார்.

[முதல் பிரதியில் இவருக்கு மீசையும் கறுப்புக் கண்ணாடியும் வைத்திருந்தேன். எழுதிய எனக்கே பயமாக இருந்தது. அடித்துவிட்டேன்.]

வந்தது தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண். வரப்பில் ஏறுமுன் ஷூவிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு வந்தாள். இவளை எப்படிக் கெட்டவளாக்குவது?

"அம்மா, இந்தப் புழுவெல்லாம் ஏன் செத்துக் கிடக்கு?"

அத்தை எட்டிப் பார்த்தாள். இரவல் புழுக்கள் ஒன்று விடாமல் மல்லாந்து கிடந்தன.

"வயசாயிடுச்சு போல," என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்க!" என்று அத்தை அவரை அடக்கினாள். "மேடம், இது எங்க புழு இல்ல. பக்கத்துத் தோட்டத்துல கேட்டு வாங்கினது."

"புழுவையா?"

"தோட்டம் ரொம்ப சுத்தமா இருந்துச்சு. நீங்க நம்ப மாட்டீங்களோன்னு..."

"அப்ப உங்க புழு எங்கம்மா?"

"கோழி வயித்துல மேடம்."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். விழுங்கியதும் முகம் மாறிவிட்டது.

"வெளி மருந்து உங்க இலைல பட்டிருக்கும்மா. நான் என்னன்னு எழுதுறது?"

5

ஒரு முடிவு: அந்தச் சில செடிகளை மட்டும் பிடுங்கச் சொல்லிவிட்டுச் சான்றிதழுக்குப் பரிந்துரைக்கிறாள். மாமா சந்தோஷத்தில் டேங்க் அண்ணனையே தூக்கிச் சுற்றி... (தித்திப்பு அதிகம்.)

இன்னொரு முடிவு: விதி விதிதான். மூன்று வருட உழைப்பும் மண்ணாகப் போய், அத்தை வரப்பில் உட்கார்ந்து...

இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

உண்மையில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணின் பேனா இப்போது உங்கள் கையில். எழுதுமுன் அவள் கேட்டதை மட்டும் கேளுங்கள்: "கையாலதான் பொறுக்குறீங்கன்னு எப்படிம்மா நம்புறது?"

"நாளைக்கு விடியுறதுக்கு முன்ன வந்து பாருங்க," என்றாள் அத்தை.

போங்கள். ஈரத்தில் கால் வழுக்கும், பார்த்து. அத்தை குனிந்திருப்பாள். வந்திருப்பது அரசாங்கமா வாசகரா என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? அந்த வரிசையை நீங்க பாருங்க. இலையைத் திருப்பிப் பாருங்க, அடியிலதான் ஒளிஞ்சிருக்கும்."